கமண்டலத்தில் அடங்கிய காவேரி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பியைக் கையில் எடுத்து இரண்டு வாய் குடித்திருக்க மாட்டேன். மயிலாப்பூரிலிருந்து அத்தை போனில் கூப்பிட்டாள்.

"ஏண்டி, 16 ஜி.பி. என்று சொல்லிக் காசு வாங்கிக் கொண்டு கொடுத்த பென் டிரைவ் ஒரே ராத்திரியில் 4 எம்.பி. ஆகிவிடுமோ? நீதான் பத்திரிகையிலே எழுதுகிறவளாச்சே, சொல்லேன்!"

பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது என்பது அத்தையின் சித்தாந்தம். வற்றல் குழம்பில் உப்பு அதிகமாகிவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் என்னிடம் கேட்கமாட்டாள். காரணம், என் சமையலை அவள் சாப்பிட்டிருக்கிறாள்!

நல்ல வேளையாக, இந்தத் தடவை அவள் கேட்டது எனக்குத் தெரிந்த சமாசாரமாக இருந்தது. உங்கள் வீட்டு மேஜை டிராயரிலும், பழைய சாவிக்கொத்துக்கும் காலாவதியான மாத்திரைக்கும் நடுவில் இப்படி ஒரு பென் டிரைவ் கிடக்கலாம். "அது கெட்டுப் போச்சு" என்று வீட்டில் யாராவது தீர்ப்புக் கூறியிருக்கலாம். சகோதரிகளே, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! அநேகமாக அது கெட்டுப் போயிருக்காது. வேஷம் போட்டுக் கொண்டிருக்கும். வேஷத்தைக் கலைக்கப் பத்து நிமிஷம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் இரண்டே இரண்டு கேள்விகளைக் கேட்டுக் கொள்ள வேண்டும். அவற்றைக் கேட்க மறந்தால் என்ன நஷ்டம் என்பதை அத்தை வீட்டுக் கதையே சொல்லும்.

நடந்தது இதுதான். அத்தை வீட்டில் வயதான லாப்டாப் ஒன்று இருக்கிறது. அதில் ஓடிக் கொண்டிருந்தது விண்டோஸ் 10. மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை நிறுத்திக் கொண்டது அல்லவா? விண்டோஸ் 11-ஐ ஏற்றுக் கொள்ளும் யோக்கியதை அந்த லாப்டாப்புக்கு இல்லை. இஞ்சினீயரிங் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் அத்தையின் பேரப்பிள்ளை, "நான் இதற்கு லினக்ஸ் போட்டுப் புது உயிர் கொடுக்கிறேன், பாட்டி!" என்று கிளம்பினான். லினக்ஸ் மின்ட் என்பது காசு கொடுக்காமல் கிடைக்கிற வஸ்து. அதை இறக்கிக் கொண்டான். கம்ப்யூட்டரில் அதை ஏற்ற ஒரு பென் டிரைவ் வேண்டுமே! பீரோவைத் திறந்தான். குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. எடுத்துக் கொண்டான்.

லாப்டாப் என்னவோ ஜோராக எழுந்து உட்கார்ந்து விட்டது. பையனும் காலர் இல்லாத சட்டையில் காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். மருமகள் ஆபீஸ் லாப்டாப்பில் அந்தப் பென் டிரைவைச் செருகியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. காவேரி முழுதையும் அகஸ்தியர் கமண்டலத்தில் அடக்கினாராமே, அந்த மாதிரி 16 ஜி.பி.யும் 4 எம்.பி.க்குள் அடங்கி உட்கார்ந்திருக்கிறது!

இது எப்படி நேருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கியதும் விண்டோஸோ லினக்ஸோ உடனே விழித்துக் கொள்வதில்லை. அதற்கு முன்னால் உள்ளே நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒரு சின்னப் புரோகிராம் கண் விழிக்கிறது. பழைய நாளில் அதற்குப் பயாஸ் என்று பெயர், இப்போது யு.இ.எஃப்.ஐ. என்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் எல்லாருக்கும் முன்னால் எழுந்திருக்கும் பாட்டியைப் போன்றது அது. ஒவ்வோர் அறைக் கதவாகத் தட்டி, "இங்கே யாராவது வேலை செய்கிற ஆசாமி இருக்கிறீர்களா? எழுந்து வாருங்கள்!" என்று கூப்பிடும். சாதாரணப் பென் டிரைவில் போட்டோவும் பாட்டும்தான் இருக்கும். அவை பதில் சொல்லா. "இதோ, நான் இருக்கிறேன்!" என்று பதில் குரல் கொடுக்கும்படி தயார் செய்யப்பட்ட பென் டிரைவுக்குத்தான் பூட்டபிள் பென் டிரைவ் என்று பெயர்.

அப்படித் தயார் செய்கிற புரோகிராம்களில் பல, பென் டிரைவில் பாகப்பிரிவினை செய்துவிடுகின்றன. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பார்ட்டிஷன் என்ற வார்த்தைக்கு நம் வீடுகளில் என்ன அர்த்தமோ, இங்கேயும் அதே அர்த்தம்தான். டிரைவின் தொடக்கத்திலேயே ஒரு பத்திரம் எழுதி வைக்கப்பட்டிருக்கும். பழைய முறைப் பத்திரம் 512 பைட் இடத்துக்குள் அடங்கும். 1983-இல் வந்த ஐ.பி.எம். கம்பெனியின் டாஸ் 2.0 காலத்திலிருந்து புழக்கத்தில் இருப்பது. 'இதிலிருந்து இதுவரை முதல் பாகம், இதிலிருந்து இதுவரை இரண்டாம் பாகம்' என்ற எல்லைக் கணக்கு அதில் இருக்கும். லினக்ஸை ஏற்றியபோது பழைய பத்திரத்தின் மேல் புதுப் பத்திரம் எழுதப்பட்டு விட்டது. புதுப் பத்திரத்தில் உள்ள பாகங்களில் ஒரு சின்ன அறையை மட்டுமே விண்டோஸுக்கு அடையாளம் தெரிகிறது. மற்றதைப் பார்த்து, 'இது யார் சொத்தோ!' என்று சும்மா இருந்து விடுகிறது. அந்தச் சின்ன அறைதான் 4 எம்.பி.

"மாட்டுப்பெண் ஃபார்மாட் கூடப் பண்ணிப் பார்த்துவிட்டாள். அப்புறமும் 4 எம்.பி.தான் காட்டுகிறதாம்" என்றாள் அத்தை.

காட்டத்தான் செய்யும். ஃபார்மாட் என்பது ஓர் அறைக்கு வெள்ளையடிக்கிற காரியம். எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் அறை பெரிதாகி விடுமா? பெரிதாக வேண்டுமானால் பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டு, வீடு முழுவதும் ஒரே பாகம் என்று புதிதாக எழுத வேண்டும். பூட்டபிள் பென் டிரைவைப் பழையபடி ஆக்குவதன் ரகசியம் முழுவதும் இவ்வளவுதான்.

இதை அத்தைக்கு விளக்கிவிட்டு, "பத்து நிமிஷ வேலை, அத்தை. சாயங்காலம் வந்து செய்து தருகிறேன்" என்று போனை வைக்கப் போனேன். ஏதோ தோன்றிற்று. "அது கிடக்கட்டும், முன்னே அதில் என்ன வைத்திருந்தாய்?" என்று கேட்டேன்.

அத்தை சற்று நேரம் பேசவில்லை.

"பாட்டியோட பாட்டுடி" என்றாள்.

எனக்குக் காப்பி ஆறிப் போயிற்று. அத்தையின் அம்மா, அதாவது என் அப்பாவைப் பெற்ற பாட்டி, காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அவளுக்கு நலங்குப் பாட்டும் ஊஞ்சல் பாட்டும் தண்ணீர் பட்ட பாடு. கடைசி வருஷத்தில் அத்தை அவளைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கொண்டு தன் செல்போனில் 11 பாட்டுக்களைப் பதிவு செய்திருந்தாள். பிறகு அந்தச் செல்போனும் போய்விட்டது. பென் டிரைவில் இருந்ததுதான் பாக்கி. வேறு பிரதி கிடையாது.

சகோதரிகளே, முதல் கேள்வி இதுதான்: 'இதற்கு முன்னால் இதில் என்ன இருந்தது?' இதற்குப் பதில் தெரியாமல் எந்தப் பொத்தானையும் அமுக்காதீர்கள். "ஃபார்மாட் செய்யட்டுமா?" என்று விண்டோஸ் தானாக வந்து உபசாரமாகக் கேட்கும். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பென் டிரைவை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

ஏன் என்றால், பத்திரம் மாறிவிட்டதே தவிர, வீட்டுக்குள் இருந்த சாமான்கள் எல்லாம் போய்விடவில்லை! பையன் எழுதிய லினக்ஸ் சுமார் 3 ஜி.பி. அது முன்பக்கத்து 3 ஜி.பி.யை அழித்து அந்த இடத்தில் உட்கார்ந்து விட்டது. பின்னால் உள்ள இடத்தில் பழைய சாமான்கள் அப்படியே கிடக்கும். எங்கே என்று சொல்கிற பட்டியல்தான் இல்லை. நல்ல வேளை, மருமகள் வெள்ளையடித்ததும் அந்தச் சின்ன அறைக்கு மட்டும்தான். இந்த நிலையில் ஏதாவது புதிதாக அதில் எழுதினால்தான் மிச்சமும் அழியும்.

சாயங்காலம் மயிலாப்பூருக்குப் போனேன். ஃபோட்டோரெக் என்று ஓர் இலவசப் புரோகிராம் இருக்கிறது. பெயரில்தான் போட்டோ, பாட்டு, வீடியோ, கடிதம் எல்லாவற்றையும் தேடும். பட்டியலை எதிர்பாராமல், மூலை முடுக்கெல்லாம் துழாவி, 'இது பாட்டுப் போல் தொடங்குகிறது, இது படம் போல் தொடங்குகிறது' என்று உருவத்தை வைத்தே கண்டுபிடிக்கிற சாமர்த்தியம் அதற்கு உண்டு. பழைய பத்திரம் போய்விட்ட படியால், ஒரு பாகத்தை மட்டும் காட்டாமல் பென் டிரைவ் முழுவதையும் தேடச் சொல்ல வேண்டும். கிடைத்ததை அதே பென் டிரைவில் வைக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் வேறு இடத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் மறக்காதீர்கள்.

அரை மணிக்கு மேல் ஓடிற்று. அத்தை விளக்கேற்றிவிட்டு வந்து என் பின்னால் நின்றாள். "கிடைக்குமாடி?" என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் நின்றதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஏழு பாட்டுக் கிடைத்தது. நாலு கிடைக்கவில்லை.

காரணத்தைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். அத்தை முதல் நாள் பதிவு செய்த நாலு பாட்டையும் பென் டிரைவ் காலியாக இருந்தபோது போட்டிருக்கிறாள். அதன் பிறகு பெரிய கல்யாண வீடியோ ஒன்றை ஏற்றியிருக்கிறாள். மற்ற ஏழு பாட்டும் அதற்கு அப்புறம் வந்தவை. முன்னால் இருந்தவற்றின் மேல் லினக்ஸ் ஏறிவிட்டது. பின்னால் இருந்தவை பிழைத்தன.

பாட்டுக்களைப் பத்திரப்படுத்திய பிறகுதான் பத்திரத்தைக் கிழிக்கிற வேலையில் இறங்கினோம். அதற்கு முன்னால் இரண்டாவது கேள்வி: 'நான் கிழிக்கப் போவது எந்த வீட்டுப் பத்திரம்?'

இந்தக் கேள்வி ஏன் என்றால், விண்டோஸில் இந்தக் காரியத்தைச் செய்கிற டிஸ்க்பார்ட் என்கிற புரோகிராம், "நிச்சயமாகத்தானா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. சொன்னால் கிழித்துவிடும். விண்டோஸ் தான் குடியிருக்கும் டிஸ்கைக் கிழிக்க மட்டும் சம்மதிக்காது. ஆனால் பக்கத்தில் செருகியிருக்கிறதே வெளி ஹார்ட் டிஸ்க், குழந்தைகளின் பத்து வருஷப் போட்டோக்களுடன், அதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஆகையால் ஆரம்பிக்கு முன் மற்ற ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றிப் பீரோவுக்குள் வைத்து விடுங்கள்.

இனி வேலை. ஸ்டார்ட் மெனுவில் டிஸ்க்பார்ட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். அனுமதி கேட்கும், கொடுங்கள். கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். பயப்பட வேண்டாம், அது கடிக்காது. கீழே சொல்லும் கட்டளைகளை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகத் தட்டி, ஒவ்வொன்றுக்கும் பிறகு என்டர் பொத்தானை அமுக்குங்கள்.

முதலில், லிஸ்ட் டிஸ்க். எந்தெந்த டிஸ்க் இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று பட்டியல் வரும். 14 ஜி.பி. என்று காட்டுவது நம் 16 ஜி.பி. பென் டிரைவ். நூற்றுக் கணக்கில் காட்டுவது கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க். சந்தேகம் இருந்தால் பென் டிரைவை வெளியே எடுத்துவிட்டு இன்னொரு தடவை பட்டியலைக் கேளுங்கள். எந்த வரி மறைகிறதோ அதுதான் நம்முடையது. திரும்பச் செருகியதும் அதன் எண்ணை இன்னொரு முறை பார்த்துக் கொள்ளுங்கள்.

அந்த எண் 1 என்று வைத்துக் கொள்வோம். செலக்ட் டிஸ்க் 1 என்று தட்டுங்கள். உடனே அவசரப்படாமல் மறுபடியும் லிஸ்ட் டிஸ்க். தேர்ந்தெடுத்த வரியின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி முளைத்திருக்கும். நட்சத்திரப் பொருத்தம் பார்க்காமல் நம் வீடுகளில் எந்தக் காரியம் செய்கிறோம்? இங்கேயும் பார்த்துவிடுங்கள்!

பொருத்தம் சரியாக இருந்தால், கிளீன். பத்திரம் கிழிந்தது. அடுத்து, கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி. வீடு முழுவதும் ஒரே பாகம் ஆயிற்று. பிறகு, ஃபார்மாட் எஃப்.எஸ்.=எக்ஸ்ஃபேட் குயிக்; வெள்ளையடித்தாயிற்று. எஃப்.எஸ். என்பதற்கு நடுவில் புள்ளி வைக்காமல் எழுத வேண்டும். கடைசியில், அஸைன், வாசலில் பெயர்ப் பலகை மாட்டியாயிற்று. எக்ஸிட் என்று தட்டி வெளியே வந்துவிடலாம்.

எக்ஸ்ஃபேட் எதற்கு என்று கேட்பீர்கள். ஃபேட்32 என்ற பழைய முறையில் ஒரு பைல் 4 ஜி.பி.க்கு மேல் இருக்க முடியாது. நீளமான கல்யாண வீடியோவை வைக்கப் போனால் முரண்டு பிடிக்கும். எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ், மாக் இரண்டும் அதைப் படிக்கும். ஆனால் பழைய டெலிவிஷனிலோ காரிலோ செருகிப் பாட்டுக் கேட்பதற்கு மட்டும் என்றால் ஃபேட்32-தான் உத்தமம். அவற்றில் பல எக்ஸ்ஃபேட்டை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

கறுப்பு ஜன்னலே வேண்டாம் என்கிறவர்களுக்கு வேறு வழியும் உண்டு. ரூஃபஸ் என்ற புரோகிராம் பூட்டபிள் பென் டிரைவ் செய்வதற்குப் பெயர் போனது. அதிலேயே 'நான் பூட்டபிள்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால், வேஷம் போட்ட கையே வேஷத்தைக் கலைத்தும் விடும். மாக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் டிஸ்க் யுடிலிட்டியைத் திறந்து, 'ஷோ ஆல் டிவைசஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் பென் டிரைவின் மேல் வரியைத் தொட்டு 'இரேஸ்' கொடுக்க வேண்டும். உள்ளே தள்ளி இருக்கிற வரியைத் தொட்டால் பழையபடி ஓர் அறைக்கு மட்டும் வெள்ளையடித்த கதைதான்.

இரண்டு சின்ன எச்சரிக்கைகள். டிஸ்க்பார்ட்டில் 'கிளீன் ஆல்' என்று ஒரு பெரியண்ணன் இருக்கிறான். அவன் பத்திரத்தோடு நிற்கமாட்டான். வீடு முழுவதும் சுழியத்தை எழுதி நிரப்பிவிடுவான். அதற்குப் பிறகு ஃபோட்டோரெக் வந்தாலும் பயன் இல்லை. பென் டிரைவை அன்னியருக்குக் கொடுக்கும்போது அவன் வேண்டும். மற்ற சமயத்தில் வேண்டாம். இரண்டாவது, என்ன தட்டினாலும் 'ரைட் புரொடெக்டட்' என்றே பென் டிரைவ் பிடிவாதம் பிடித்தால், அதன் பக்கவாட்டில் சின்னப் பூட்டுப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அநேகமாக அதற்கு வயதாகிவிட்டது. அதில் உள்ளதைப் பிரதி எடுத்துக் கொண்டு விடை கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்து பென் டிரைவைத் திறந்து காட்டினேன். அத்தை மூக்குக் கண்ணாடியைச் சரி செய்து கொண்டு பார்த்தாள். "14.9 தானே காட்டுகிறது? பாக்கி 1.1 எங்கே? கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா?"

அத்தையிடம் கணக்குத் தப்பாது. ஆனால் கடைக்காரன் பேரில் குற்றம் இல்லை. அவன் ஆயிரம் ஆயிரமாக அளக்கிறான். விண்டோஸ் 1,024-ஆக அளக்கிறது. கடைப் படி சின்னது, வீட்டுப் படி பெரியது. ஒரே அரிசியை இரண்டு படியில் அளந்தால் எண்ணிக்கை மாறாதா? இதைச் சொன்னதும், "அப்படிச் சொல்லு" என்று சமாதானமானாள்.

கிடைத்த ஏழு பாட்டுக்கும் ஒரு குறை இருந்தது. ஃபோட்டோரெக் பொருளைக் கொண்டுவருமே தவிரப் பெயரைக் கொண்டுவராது. 'எஃப்' என்ற எழுத்தும் அதன் பின்னால் ஒரு நீள எண்ணும், அதுதான் ஒவ்வொன்றுக்கும் பெயர். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் போட்டேன். முதல் அடி வருவதற்கு முன்பே, பாட்டி தொண்டையைச் செருமுகிற தோரணையிலேயே, "இது ஊஞ்சல்... இது நலங்கு... இது மாப்பிள்ளையைக் கேலி பண்ணுகிறது" என்று சொல்லிக் கொண்டே வந்தாள். நான் பெயர்களைத் தட்டினேன்.

ஹாஸ்டலிலிருந்து பையன் போன் செய்தான். "சித்தி, நான் கேட்காமல் எடுத்திருக்கக் கூடாது" என்றான். குரல் கம்மியிருந்தது. அத்தை போனை வாங்கிக் கொண்டாள். "போனால் போகிறது, அழாதே. ஏழு இருக்கிறது. இனிமேல் ஒரு சாமானை எடுத்தால் வாயைத் திறந்து கேட்கணும், தெரிந்ததா?" என்றாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "உன் போனை எடு. போன நாலையும் நானே பாடுகிறேன். அம்மா பாடினதைத்தானே நானும் கேட்டேன்?" என்றாள்.

மூன்று பாட்டைப் பாடினாள். நாலாவதற்கு இரண்டு அடிதான் ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக் கொண்டு வெகு நேரம் யோசித்தாள். வரவில்லை. "அந்த இரண்டு அடியையும் போட்டு வை" என்றாள். போட்டு வைத்தேன்.

இப்போது பாட்டுக்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன: லாப்டாப்பில் ஒன்று, என்னிடம் ஒன்று, குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் அதே பென் டிரைவில் ஒன்று. பென் டிரைவின் மேல் அத்தை ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறாள். அதில் கொட்டை எழுத்தில், 'அம்மா பாட்டு. என்னைக் கேட்காமல் தொடாதே' என்று எழுதியிருக்கிறது.

பூட்டபிளோ, சாதாரணமோ, உங்கள் வீட்டுப் பென் டிரைவ்களுக்கும் இன்றைக்கே ஒரு காகிதம் ஒட்டிவிடுங்கள், சகோதரிகளே.